வள்ளி தின்ற பழம்

"அம்மா, வச்ச மரத்தை வச்சவனே வெட்டினா பாவமா?"

பழைய இரும்பு வியாபாரி சேவுகன் மடத்து வாசலில் நின்றபடியே கேட்டார். உட்கார நேரமில்லை. மரம் வெட்டுகிற இருளப்பன் கொல்லையில் காத்துக்கொண்டிருக்கிறான்.

மடத்தில் இருந்து ஊருக்கு நல்லது கெட்டது சொல்கிற ஞானாம்பாளுக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். ஊரையே வாயால் விரட்டுகிற சேவுகன், அவரிடம் மட்டும் குரலை இறக்கிப் பேசுவார்.

"என்ன மரம்?"

"கொய்யா. வள்ளிக்காக வச்சது."

வள்ளி அவர் மனைவி. காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"கடைசியா கொய்யாப்பழம் வேணும்னு கேட்டா. வாங்கிக் கொடுத்தேன். தேனா இருக்குன்னா. அந்த விதையைத்தான் கொல்லையில போட்டேன். மாட்டெரு வச்சு, அணிலை விரட்டி, பிள்ளை மாதிரி வளர்த்தேன். இப்பக் காய்ச்சிருக்கு. வாயில வைக்க முடியலை, அப்படி ஒரு புளிப்பு."

"புளிச்சா வெட்டணுமா?"

"அவளை நெனைச்சு வச்ச மரம் இப்படியா காய்க்கும்? பார்க்கப் பார்க்க வயிறு எரியுது."

ஞானாம்பாள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.

கொல்லையில் இருளப்பன் தோளில் கயிற்றுச் சுருளும் கையில் அரிவாளுமாக நின்றான்.

ஞானாம்பாள் ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தார். முகம் சுளிக்காமல் மென்றார்.

"புளிக்குதுல்ல?"

"புளிக்குது."

"நர்சரிக்காரன் இப்பச் சொல்றான், விதை போட்டா தாய் மரம் மாதிரி வராதாம். பதியன் வாங்கி வச்சிருக்கணுமாம். அன்னைக்கே சொல்ல ஒரு பயலுக்கு வாய் வரலை."

"தாய் மரத்துப் பழம் எப்படி இருந்துச்சு?"

"அதான் சொன்னேனே. தேன்."

"நீங்க தின்னீங்களா?"

 

"அவ எனக்குக் கொடுக்கலை."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். உங்களுக்குக் கிடையாது போங்கன்னு சிரிச்சா. பூராத்தையும் அவளே தின்னுட்டா. தட்டுல துப்பின விதைதான் மிச்சம்."

"எப்பவுமே அப்படித்தானா?"

"அவளா? ஒரு முறுக்கை உடைச்சாக்கூடப் பெரிய பாதி எனக்குத்தான் வரும்."

ஞானாம்பாள் மீதிப் பழத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

சேவுகன் மரத்தையே பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மாகிட்ட அடிச்சுப் பேசி வாங்குன பழம். எம் பொண்டாட்டி ஆசைப்பட்டுக் கேட்டிருக்கா, புளிச்சுதுன்னா திரும்பி வந்து கூடையைக் கவுத்திருவேன்னு மிரட்டிட்டு வந்தேன்." குரல் இறங்கிக்கொண்டே போனது. "அதை வீட்டுக்கு வந்து பெருமையா வேற சொன்னேன்."

"எப்ப? அவங்க தின்ன பிறகா?"

"முன்னாடி."

ஞானாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டார்.

வேலையில்லாமல் நின்றது போதும் என்று தோன்றியதோ என்னவோ, இருளப்பன் அரிவாளைத் தூக்கினான். "அண்ணே, எந்தப் பக்கம் ஆரம்பிக்கட்டும்?"

"அதைக் கீழ போடுடா." சேவுகன் குனிந்து, காய்ப் பாரத்தில் தரை வரை வளைந்திருந்த கிளையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். "அந்தக் கயித்தைக் கொண்டா. முறிஞ்சிரப் போகுது. இவ்வளவு நேரமா நிக்கிறியே, கண்ணு தெரியலையா உனக்கு?"