சடையன் போட்ட முடிச்சு

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள்! சட்டைப்பை என்ற ஒன்றே இல்லாத காலம் அது. காசை வேட்டி முனையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். அப்போது முத்தலைத்துறை என்ற கடற்கரை ஊரில் சடையன் என்றொரு முடிச்சவிழ்க்கி இருந்தான். பக்கத்தில் வந்து, "மழை வருமா அண்ணே?" என்று விசாரித்தான் என்றால் போச்சு. மழை வருமோ வராதோ, காசு போயிருக்கும்.

ஒருநாள் கையும் களவுமாக அகப்பட்டான். அரசர்முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த நாட்டு அரசர் கோபக்காரர்தான், கொஞ்சம் குறும்புக்காரரும்கூட.

"அடே, ஊரார் முடிச்சை அவிழ்த்தாய் அல்லவா? இனி முடிச்சுப் போடு. வலைக்காரி கடலாயியிடம் போய் வலை பின்னக் கற்றுக்கொள். உன் வலை நிறைய மீன் விழுந்தால் உனக்கு விடுதலை. மறுபடியும் அடுத்தவர் மடியில் கை வைத்தால், அந்தக் கை உனக்கு இல்லை!"

கடலாயிக்கு வாய் நீளம். நூலையும் வலை ஊசியையும் அவன்முன் வீசி, "களவாணிப்பயலே, ஒழுங்கா பின்னு. இல்லேன்னா மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டுருவேன்" என்றாள்.

முதல் வலையை அவசரமாகப் பின்னினான். அவிழ்த்தே பழகிய விரல்கள், எதையும் இறுக்கவில்லை. கடலில் போட்டதும் முடிச்சுகள் நழுவின. மீன்கள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயின. கரையே சிரித்தது.

இரண்டாம் வலையை ரோஷத்தோடு பின்னினான். ஒன்றும் தப்பக் கூடாதென்று வலைக்கண்களை எள்ளளவாக்கினான். சேறும் பாசியும் மீன்குஞ்சுகளும் அடைத்துக்கொண்டன. ஊரே கூடி இழுத்தும் வலை நகரவில்லை.

"எல்லாம் எனக்கேன்னு நினைச்சா இப்படித்தான். குஞ்சு தப்பிப் போகட்டும்டா! அதுக்குத்தானே கண்ணு வச்சுப் பின்றோம்?" என்றாள் கடலாயி.

சடையனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தன் விரல்கள் யாருக்கும் எதையும் விட்டுவைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் வலையை நிதானமாகப் பின்னினான். மூங்கில் துண்டை வைத்து ஒவ்வொரு கண்ணாக அளந்தான், ஒவ்வொரு முடிச்சாக இறுக்கினான். இடையில் பாட்டுக்கூட வந்தது. அந்த வலை மீனோடு கரையேறியதும் படகுக்காரர்கள் கத்தினார்கள்: "யாருப்பா பின்னுனது?"

யார் செய்தது என்று கேட்டாலே ஓடி ஒளிந்தவன் அவன். அன்று, "நான்தான்!" என்று கையைத் தூக்கினான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

விடுதலை கிடைத்தது. அரசருக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. வியாபாரி வேடம் போட்டுச் சந்தை மரத்தடியில் தூங்குவதுபோல் கிடந்தார். தளர்ந்த காசுமுடிச்சு இடுப்பிலிருந்து தொங்கியது. அந்த வழியாகச் சடையன் வந்தான். நின்றான். விரல்கள் துறுதுறுத்தன. குனிந்து முடிச்சில் கை வைத்தான்.

"பிடியுங்கள்!" என்று துள்ளி எழுந்தார் அரசர். காவலர் பாய்ந்து பிடித்தார்கள். காசு குறைந்திருக்கிறதா என்று பார்க்க அரசர் முடிச்சை அவிழ்க்க முயன்றார். அவிழவில்லை. நகத்தால் நோண்டினார், பல்லால் கடித்தார். ஊகூம்! காசெல்லாம் உள்ளே பத்திரமாகக் குலுங்கியது.

"அடே, என்ன செய்தாய்? நீயே அவிழ்த்துத் தொலை!"

"மகாராஜா, தளர்ந்த முடிச்சைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. வலை முடிச்சாப் போட்டு இறுக்கிட்டேன். அவிழ்க்கிற வித்தைதான் மறந்துபோச்சு" என்றான் சடையன்.

சந்தையே சிரித்தது. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடிச்சை அவிழ்க்காமலே அரண்மனைக்குத் திரும்பினார்.

ஆகவே கேட்டவர்கள் நினைவில் வையுங்கள்: ஒரு நல்ல தொழிலை மனம் ஒன்றிக் கற்ற கை, கெட்ட பழக்கத்தைத் தானாகவே மறந்துவிடும்.