ஓணான் தலையாட்டிய வழக்கு

ஓணானின் தலை ஆடாமல் நின்ற காலம் ஒன்று உண்டு. பிராணிகளெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஓணானுக்குக் கழுத்து சிவந்ததில்லை. மண்ணுளிப் பாம்புக்கோ மண்ணுக்குள் ஒரு வேலையும் இருந்ததில்லை. அதன் பெயரே அப்போது வேறு, மணியன் என்பார்கள். தடித்த உடம்பு, மழுங்கிய வால், எதற்கும் அவசரப்படாத சுபாவம்.

ஓடைக்கரைப் பாறையில் காலை வெயில் விழுந்ததும் மணியன் வந்து நீட்டிப் படுக்கும். பக்கத்திலேயே ஓணான் ஏறி உட்காரும். உடம்பில் சொந்தச் சூடு இல்லாதவர்களுக்கு வெயில்தான் சோறு. இரண்டும் அந்தச் சோற்றை ஒரே இலையில் தின்று வளர்ந்த சிநேகிதர்கள்.

ஒரு நாள் கவுதாரியின் முட்டைகளை யாரோ உடைத்துக் குடித்துவிட்டார்கள். கூட்டின் அருகே மணியன் ஊர்ந்துபோன தடம் இருந்தது. போதாதா? கவுதாரி அழுதுகொண்டே போய் மணியன் மேல் வழக்குப் போட்டது.

அன்றைய நீதிமன்றம் மருதமரத்தடியில் கூடும். கிழப் பெண்யானைதான் நீதிபதி. நியாயமானதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் காட்டில் பேசும் பேச்சு ஒன்று, மருதமரத்தடியில் பேசும் பேச்சு இன்னொன்று. வழக்குப் போட்டவர் வாதியாம், யார் மேல் போட்டார்களோ அவர் பிரதிவாதியாம். இதையெல்லாம் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வது கிடையாது. நாலு சொல் தெரிந்தவர்களுக்கு, தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதில் அப்படி ஒரு சுகம். அது இன்றைக்கும் போனபாடில்லை, விடுங்கள்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் மணியன் பாறையைவிட்டு இறங்கவே இல்லை.

"முட்டை திருடினா மண்ணுக்கு மேல தலைகாட்டக் கூடாதாம்டா. வெயில் இல்லாம நான் எப்படி இருப்பேன்?"

"நான் இருக்கேன்ல, எதுக்குக் கவலைப்படுறே?" என்றது ஓணான். "கவுதாரி முட்டையைச் செம்போத்துப் பறவை குத்திக் குடிச்சதை வேலிமேல உக்காந்து என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு யாரும் கத்துக்கொடுக்கணுமா?"

மறுநாள் முதலில் முள்ளம்பன்றியின் வழக்கு வந்தது. "வாய்தா" என்றது யானை. முள்ளம்பன்றி நகராமல் நின்றது.

"வாய்தான்னா என்னங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இன்னொரு நாள் வா என்று அர்த்தம்" என்று யாரோ சொன்னது அந்தச் சிரிப்பில் பாதிதான் கேட்டது. ஓணானும் சேர்ந்துதான் சிரித்தது. சிரித்த கையோடு, அதன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஓணான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னது. ஒரு பிசிறு இல்லை. செம்போத்து சத்தமில்லாமல் புதருக்குள் நகர்ந்தது. மணியனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கவுதாரிக்காக வாதாட வந்த கரிச்சான் குருவி எழுந்தது. பிறவியிலேயே கறுப்பு அங்கி, போதாக்குறைக்குப் பேச்சுத் திறமை வேறு.

"சாட்சியே, சம்பவத்தன்று நீர் வேலியின்மீது இருந்தீரோ?"

"இருந்தேனுங்க."

"நீர் சற்றுமுன் அளித்தது செவிவழிச் சாட்சியம் என்பதை ஒப்புக்கொள்கிறீரா?"

அந்தச் சொல்லை ஓணான் அதுவரை கேட்டதே இல்லை. என்னங்க அது என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. எதிரே கூட்டம் மொத்தமும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தது. ஓரத்தில் முள்ளம்பன்றி தலைகுனிந்து நின்றது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறாரே, நல்ல சாட்சியம் என்றுதான் சொல்கிறார்போல என்று ஓணான் தன்னையே சமாதானம் செய்துகொண்டது. கேள்வியை விழுங்கிவிட்டுத் தலையை மேலும் கீழுமாக ஆட்டியது. எல்லோருக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று இன்னொரு தரமும் ஆட்டியது.

"சாட்சியம் நிராகரிக்கப்படுகிறது" என்றது யானை. அதுவும் ஓணானுக்கு விளங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று சிரித்தபடி மணியன் பக்கம் திரும்பியது. அப்போதுதான் தீர்ப்பு வந்தது. மணியன் அன்றே மண்ணுக்குள் போக வேண்டும்.

மணியன் மெல்ல ஊர்ந்து வந்தது.

"அவரு உன்கிட்ட என்னடா கேட்டாரு?"

ஓணான் தலையைத் தொங்கப்போட்டது.

"தெரியாமலேயா தலையாட்டினே?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. மணியன் ஒருமுறை வெயிலை நிமிர்ந்து பார்த்தது. பிறகு ஓடை மணலில் தலையைப் புதைத்து உள்ளே போய்விட்டது.

முள்ளம்பன்றிதான் ஓணானிடம் வந்து சொன்னது.

"தான் பார்க்காம, அடுத்தவங்க சொல்லக் கேட்டதை வந்து சொன்னா, அதுக்குப் பேரு செவிவழிச் சாட்சியம். அதை இங்க எடுத்துக்க மாட்டாங்க. நானும் முன்னாடி ஒருதரம் கேட்டுச் சிரிப்பு வாங்கித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நீ கண்ணால பார்க்கலைதானேன்னு அவரு கேட்டாரு. நீ ஆமான்னுட்டே."

ஓணான் விழுந்தடித்து யானையிடம் ஓடியது. நடந்ததை எல்லாம் சொல்லி அழுதது. யானை குனிந்து அதைப் பார்த்தது.

"ஏன் கேட்கவில்லை?"

"சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன் தாயே."

யானையின் கண் கலங்கியது. அது யாருக்காகக் கலங்கியதோ தெரியாது. தன் மரத்தடியில் எழுந்த அத்தனை சிரிப்பையும் அதுவும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததுதானே.

"இதற்கு மேல்முறையீடு என்று ஒரு வழி..." என்று ஆரம்பித்து நிறுத்தியது. பிறகு காட்டுப் பேச்சில் சொன்னது: "எனக்கு நியாயம் கிடைக்கலை, திரும்பவும் விசாரிங்கன்னு தண்டனை வாங்கினவனே வந்து கேட்கணும். அவன் கேட்டா மறுபடி விசாரிக்கலாம். போ, மணியனைக் கூட்டிக்கிட்டு வா."

ஓணான் ஓடைக்கு ஓடி மணலைக் கிளறியது. "எனக்கு அந்தச் சொல்லு புரியலைடா! புரியலைடா, மணியா! வெளியே வா!" என்று கத்தியது. கத்திக் கத்திக் கழுத்து ரத்தமாகச் சிவந்தது. புரியலை என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், காதே இல்லாத மண்ணிடம் சொல்லி என்ன பயன்? மணியன் வரவே இல்லை.

மருதமரத்தடியில் யானை அதற்குப் பிறகு ஒரு விதி செய்தது. தலையாட்டினால் அது பதில் ஆகாது. இன்றும் கூண்டில் ஏறிய சாட்சி தலையை ஆட்டினால், "வாயைத் திறந்து சொல்லுங்க" என்று அதட்டுகிறார்களே, அது அந்த விதிதான்.

பின்னால் பிராணிகளுக்குப் பேச்சு போய்விட்டது. ஆனாலும் ஓணான், வெயில் ஏறியதும் வேலிமேல் வந்து உட்கார்ந்து மண்ணைப் பார்க்கிறது. புரியலைடா என்று சொல்லத்தான் வாயெடுக்கிறது. சொல் தொண்டையோடு நின்று கழுத்தைச் சிவக்க வைக்கிறது, தலைதான் ஆடுகிறது. மணியன் மண்ணுளியானதும், ஓணான் தலையாட்டிக்கொண்டே இருப்பதும் அன்று முதல்தான்.