தொடாமல் சொன்ன சொல்

ஜப்பானில், மலையடிவாரத்துப் பிக்குணி மடம் ஒன்றில் கயோ என்ற பெண் சேர்ந்து ஒரு குளிர்காலம் முடிந்திருந்தது. அதற்கு முன் நகரத்தில் ஒரு தின்பண்டக் கம்பெனியில் அவளுக்கு விசித்திரமான உத்தியோகம். புதுப் பண்டம் எது வந்தாலும் தொட்டும் மென்றும் பார்க்க வேண்டும். அதில் சகிக்க முடியாதது எது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட வேண்டும்.

நாம் பிசுபிசு, கொழகொழ, நறநற என்கிறோம் அல்லவா, ஜப்பானியரிடம் அந்த மாதிரிச் சொற்கள் மூட்டை மூட்டையாக உண்டு. வெண்டைக்காயை நறுக்கினால் நூல் இழுக்கிறதே, அது நெபநெப. பாசிப் படியில் கால் வழுக்கினால் நுருநுரு. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டினால் பெதபெத. கயோவுக்கு அத்தனையும் நாக்கு நுனியில். பாவம், அதனாலேயே பாதி உலகத்தை அவளால் தொட முடியாமல் போயிருந்தது.

மடத்தில் தைஜுன் என்ற முதிய பிக்குணி பக்கவாதம் வந்து படுத்திருந்தார். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து ஊட்டுவார்கள். அன்று காலை முதன்முதலாகக் கயோவின் முறை வந்தது. கொழகொழக்கும் மலைக்கிழங்கைத் துருவிப் போட்ட கஞ்சி. முதல் கரண்டியிலேயே பாதி வாயோரம் வழிந்து தாடைக்கு வந்துவிட்டது. அந்த மடத்தில் ஒரு துளியும் வீணாகக் கூடாது. விரலால் வழித்து மறுபடி வாயில் சேர்க்க வேண்டும். கயோ விரலை நீட்டினாள். "நுருநுரு" என்று முணுமுணுத்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

தைஜுனுக்கு ஒரு பக்கக் கைகால்தான் விழுந்திருந்தது. காது பாம்புக் காது.

அவர் வாயை மூடிக்கொண்டார். மத்தியானம் வேறொருத்தி போய்க் கெஞ்சினாள். திறக்கவில்லை. பொழுது சாயும்போதும் இல்லை. இப்படியே போனால் அந்த உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று மடம் முழுக்கக் கவலையாகிவிட்டது. கயோவுக்கு அழுகை முட்டியது. குருவைத் தேடிப் போனாள்.

குரு மியோகன் அவளைவிட வயதில் சின்னவர். ஊறுகாய் ஜாடிக்குள் கையை முழங்கை வரை விட்டு, காய்கறி ஊறும் உப்புத் தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"குருவே, அருவருப்பை எப்படி ஒழிப்பது?"

மியோகன் கையை எடுக்கவில்லை. "காலையில் என்ன சொன்னீர்கள்?"

"நுருநுரு."

"அப்படியா இருந்தது?"

கயோ யோசித்தாள். "கிழங்குக் கஞ்சி. நெபநெப என்று இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா?"

"தெரியாது. விரல் படவே இல்லை."

மியோகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்பெனியிலும் தொடாமலேதான் சொல்வீர்களா?"

"ஐயோ, சீட்டைக் கிழித்துவிடுவார்கள்."

"அப்படியானால் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். எனக்கும் தெரிய வேண்டும்."

உபதேசம் கேட்க வந்தவளுக்கு வேலை கிடைத்தது. கயோவுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் கஞ்சியைச் சுடவைக்கும்போதே மனசு குடைய ஆரம்பித்துவிட்டது. நெபநெபவா, நுருநுருவா?

தைஜுன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அம்மா, காலையில் தொடாமலே சொல்லிவிட்டேன். தப்பு. இப்போது தொட்டுப் பார்க்கலாமா?"

தைஜுன் தலையைத் திருப்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது.

கஞ்சி வழிந்தது. கயோ தாடையில் விரலை வைத்தாள். தோள் வரை கூசியது. எடுக்கவில்லை. நூல் இழுத்தது, ஆனால் நெபநெப இல்லை. வழுக்கியது, ஆனால் நுருநுருவும் இல்லை. கம்பெனியில் எல்லாவற்றையும் ஆறவைத்துத்தான் கொடுப்பார்கள். இதுவோ வெதுவெதுவென்று இருந்தது. அடியில் தாடையின் இரண்டொரு முடி வேறு குத்தியது. இதற்கு என்ன சொல்? அவள் விரலை மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

சட்டென்று தைஜுனின் நல்ல கை எழுந்து அவள் கையைப் பற்றியது. கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஜர... ஜர..."

நம் பாஷையில் சொரசொர. குளிர்காலம் முழுக்கச் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த கை வேறெப்படி இருக்கும்? கயோவுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். தைஜுனும், முகத்தில் சிரிக்க முடிந்த பக்கத்தால் சிரித்தார். அப்படியே அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார்.

திரும்பி வந்தபோது மியோகன் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்?"

"அகப்படவில்லை, குருவே. கையும் இன்னும் கூசத்தான் செய்கிறது."

"கஞ்சி?"

"கிண்ணம் காலி."

மியோகன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் அவருக்குப் பசிக்கும்" என்றார்.