மூணாம் நம்பர் சட்டை

"மிஸ், எனக்கு ஒரு லெஃப்ட் பேக் வேணும்" என்றார் மாசிலாமணி.

"எந்தக் கடையில விக்கிறாங்க?" என்றார் கஸ்தூரி.

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது இடது ஓரத்தில் நின்று தடுத்து ஆடுகிற ஆளை. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து லீக் ஆரம்பம். போன வருஷமே தப்பித்தோம் பிழைத்தோம் என்று டிவிஷனில் ஒட்டிக்கொண்ட அணி அவருடையது. இந்த வருஷம் கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் மறுபடி ஏறி வர எத்தனை வருஷமோ.

கஸ்தூரி மாநகராட்சிப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். பஸ் டெப்போ மெக்கானிக் மாசிலாமணி கோச் ஆனது அவரிடம் கற்றுத்தான். சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது, குருவுக்கு நாற்பது. வடசென்னையில் அந்தப் பேட்டை முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கும். மாசிலாமணி கண்டுகொள்ள மாட்டார். ஏதாவது புரியாவிட்டால் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு அவரிடம் போய் நிற்பார். அன்றைக்கும் கையில் பொட்டலம் இருந்தது.

"டில்லிபாபு கால் உடைஞ்சதுல இருந்து மூணு பேரைப் போட்டுப் பாத்துட்டேன் மிஸ். ஒருத்தனும் தேறல."

"மூணு பேருமேவா?"

"மூணு பேருமே. இப்ப கன்னியப்பன்னு ஒருத்தன். பயிற்சியில நல்லாத்தான் ஓடுறான். மேட்ச்ல வுட்டா மரம் மாதிரி நிக்கிறான்."

"சாயந்தரம் மேட்ச் வைங்கண்ணா. நானும் வரேன்" என்றார் கஸ்தூரி.

சாயந்தரம் வந்தார். கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடலைப் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் ஆட்டம் நடந்தது. மாசிலாமணி தொண்டை கிழியக் கத்தினார். கஸ்தூரி வாயே திறக்கவில்லை.

விசில் ஊதியதும் கஸ்தூரி பொட்டலத்தை நீட்டினார். அது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

"இன்னா மிஸ், கடலை நல்லால்லியா?"

"நல்லாருக்கு. கன்னியப்பனுக்கு ஒரு பாஸ் வந்தா ஒரு கடலை திங்கலாம்னு இருந்தேன்."

"எத்தினி தின்னீங்க?"

"ரெண்டு."

மாசிலாமணி மைதானத்தைப் பார்த்தார். இடது ஓரத்தில் கன்னியப்பன் தனியாக நின்றிருந்தான். மற்ற ஒன்பது பேரும் கோல்கீப்பரோடு சேர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கூப்டு நாலு வார்த்தை கேக்குறேன் இவனுங்கள" என்று எழுந்தார்.

"உக்காருங்கண்ணா. அந்தப் பக்கம் பந்து போனப்போ நடுவுல தடுத்து ஆடுற ஸ்டாப்பர் ஒரு தடவ கத்துனானே, காதுல வுழுந்துச்சா?"

விழுந்தது. 'டில்லி, வுடாத!' என்று கத்தினான். கத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மாசிலாமணியும் அப்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கன்னியப்பன் சட்டையில இன்னா நம்பர்?"

"இருபத்தி மூணு. புதுசா தைச்சது."

"மூணாம் நம்பர் எங்க?"

மாசிலாமணி கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிப் பையில் போட்டார்.

அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. விலகுகிறவன் தன் சட்டையைத் தன் கையாலேயே அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். கோச் பக்கத்தில் நிற்க வேண்டும். கல்யாணம் ஆகிப் போனவனும் கொடுத்திருக்கிறான், சண்டை போட்டுப் போனவனும் கொடுத்திருக்கிறான். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவரே மாசிலாமணிதான்.

"டில்லி வூட்ல இருக்கு மிஸ்."

"போய் வாங்கலியா?"

"டைம் கெடைக்கல."

"எட்டு வாரமாவா?"

மாசிலாமணி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். டெப்போவில் நாள் முழுக்க இரும்பு தூக்குகிற மனிதர். இப்போது எழ முடியாதவர் போல இருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"கால் வலிக்குதுன்னு கை காட்டுனான் மிஸ். இன்னும் பத்து நிமிஷம் தாக்குப் பிடிடான்னு நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டுச்சு. சொல்லி ஏழாவது நிமிஷம் வுழுந்துட்டான்."

கஸ்தூரி பொட்டலத்தை மடித்தார். மாசிலாமணியின் கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தார்.

"இது டில்லிக்கு" என்றார். "கன்னியப்பனையும் கூட்டிட்டுப் போங்க."

டில்லிபாபுவின் வீடு குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஒவ்வொரு படியிலும் மாசிலாமணி நின்று நின்று ஏறினார். மூச்சு வாங்குகிறது என்று கன்னியப்பனிடம் சொன்னார். அது பொய்.

கதவு திறந்துதான் இருந்தது. டில்லிபாபு காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். முட்டிக்குக் கீழே கம்பி வைத்திருந்தார்கள். இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டது பேட்டைக்கே தெரியும்.

"வாங்க கோச்" என்றான்.

மாசிலாமணி கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

டில்லிபாபு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு டிவி பக்கம் கையைக் காட்டினான். டிவி மேல் மூணாம் நம்பர் சட்டை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது.

"நீங்க வருவீங்கன்னு மொத வாரமே தொவைச்சு வெச்சேன் கோச். புழுதி படிஞ்சிடுச்சு. திரும்ப தொவைச்சேன். இதோட நாலாவது வாட்டி."

மாசிலாமணியின் கண்கள் நிறைந்துவிட்டன. அவர் துடைக்கவில்லை.

"டில்லி, அன்னிக்கி நான்..."

"இவன்தானா லெஃப்ட் பேக்?" என்றான் டில்லிபாபு.

"ஆமாம்பா. கன்னியப்பன்."

"இங்க வாடா. அத எடுத்துக் குடு."

கன்னியப்பன் சட்டையை எடுத்துக் கொடுத்தான். டில்லிபாபு அதை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் நீட்டினான். கன்னியப்பன் பிடித்தான். டில்லிபாபு உடனே விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ. ஆடும்போது கால் வலிச்சா வெளிய வந்துடணும். இன்னும் பத்து நிமிஷம்னு யாரு சொன்னாலும் சரி. கோச்சே சொன்னாலும் சரி."

கன்னியப்பன் பயந்துபோய் மாசிலாமணியைப் பார்த்தான்.

"சரி" என்றார் மாசிலாமணி.

டில்லிபாபு சட்டையை விட்டான்.