பன்னிரண்டு ஜன்னலும் ஒரு தவிலும்

பொழுதைச் சூரியன் விடிய வைக்கிறது என்பது பாமரர் நம்பிக்கை. லாட்ஜுகளில் அது பகல் பன்னிரண்டுக்கு, மேனேஜர் உத்தரவால்தான் விடியும்.

எட்டு மணி முகூர்த்தத்துக்கு வாசிக்க, ஐந்துக்கே வந்திறங்கினார் தவில்காரர் மாசிலாமணி. பயண அழுக்கோடு போனால் பெண் வீட்டார் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குளிக்க ஒரு லாட்ஜில் அறை கேட்டார்.

மேனேஜர் வைகுண்டம் போர்வையை விலக்காமலே சொன்னார்: "பன்னிரண்டு ரூமும் ஃபுல்லுய்யா. எல்லாரும் தூங்குறாங்க. மத்தியானம் வா."

"சரிங்க சார். அதுவரைக்கும் சாதகம் பண்றேன்."

அத்தனை அறை ஜன்னல்களும் பார்க்கும் முற்றத்தில் உட்கார்ந்து, தவிலை வெளுத்து வாங்கினார். மூன்று ஜன்னல்கள் படாரெனத் திறந்தன. மூன்று தலைகள் வைதன.

மாசிலாமணி பணிவாகக் கேட்டார்: "மூணு ரூம்லதான் திட்டுறாங்க சார். மிச்ச ஒன்பதுலயும் காது கேக்காதவங்களா?"

வைகுண்டம் சாவியை நீட்டினார்.

அந்த லாட்ஜில் இப்போது வாத்தியத்தோடு வருபவர்களுக்கு எந்நேரமும் அறை உண்டு.