வில்லையை மூடிய பொடி

ஆவுடையப்பனுக்குத் தன் குருவைவிடப் பத்து வயது அதிகம். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், தலை நரைத்தபின் ஆராய்ச்சி ஆசை வந்து, சம்பளமில்லாத விடுப்பில் பல்கலைக்கழகத்துப் பீங்கான் ஆய்வகத்தில் சேர்ந்தார். குருவின் பெயர் செண்பகவல்லி. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அது ஒத்துப்போயிற்று.

ஒத்துப்போகாதது லித்தியம்தான்.

லித்தியம் கார்பனேட்டையும் வெள்ளீய ஆக்சைடையும் அரைத்து, வில்லையாக அழுத்தி, ஆயிரம் டிகிரி உலையில் சுட்டால் வெள்ளைப் பீங்கான் கிடைக்க வேண்டும். கைப்பேசிக்குள் அலைகளை வாங்கிக் கொடுக்கிற சின்னஞ்சிறு பாகத்துக்கு உதவும், மின்கலத்துக்கும் ஆகும். ஆவுடையப்பன் சுட்ட வில்லைகளோ எதற்கும் ஆகவில்லை. எக்ஸ்ரேயில் வைத்தால் ஒவ்வொன்றிலும் வெள்ளீய ஆக்சைடு தனியாக மிஞ்சி நின்றது.

அன்று இன்னும் சுடாத புதிய வில்லையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் குருவின் முன் வந்து நின்றார்.

"மேடம், இந்த மாசத்தோட லீவு முடியுது. இதுவும் கெட்டுப்போச்சுன்னா நான் பழைய வேலைக்கே போயிருதேன். படிப்பு எனக்குக் கொடுத்து வைக்கலைன்னு நெனச்சுக்கிடுதேன்."

"எடை சரியாப் போட்டீங்களா?"

"இம்மி பிசகலை."

அதில் சந்தேகமே வேண்டாம். தராசு ஆடிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நிறுக்கிற மனிதர் அவர்.

"பெறகு எது குறையுது?"

"லித்தியம். சூட்டுல ஆவியாப் பறந்துருது."

"தெரியுதுல்லா. கொஞ்சம் கூடப் போட்டா என்ன?"

"சமன்பாட்டுல உள்ளதுக்கு மேல போட மனசு வரலை மேடம். எத்தனை பிள்ளைகளைக் கூடப் போட்டதுக்குத் திட்டியிருக்கேன்."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. பிடிவாதக்காரர்தான், ஆனாலும் அவருக்கு இந்த மனிதரைப் பிடித்திருந்தது. தன் அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். அதிலிருந்த வெள்ளைப் பொடியை சூடு தாங்கும் அலுமினாக் கிண்ணத்தில் மெத்தையாகப் பரப்பி, நடுவில் வில்லையை வைத்தார். மிச்சப் பொடியை மேலே கொட்டி முழுக்க மூடினார். மூடியும் போட்டு உலைக்குள் வைத்தார்.

"சுட்டு எடுத்துப் பாருங்க" என்றார்.

உலை ஆறியதும் ஆவுடையப்பன் பொடியை விலக்கி வில்லையை எடுத்தார். எக்ஸ்ரேயில் வைத்தார். வெள்ளீய ஆக்சைடு துளிகூடத் தலைகாட்டவில்லை. லித்தியம் தப்பிப் போகாமல் வில்லைக்குள்ளேயே இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லையே. மூடியிருந்த பொடியையும் எடுத்துச் சோதித்தார். இத்தனை நாளும் தன் வில்லைகளில் கண்ட அத்தனை குறையும் இப்போது அந்தப் பொடியில் இருந்தது.

கிண்ணத்தோடு குருவிடம் ஓடினார்.

"மேடம், இது என்ன பொடி?"

"உங்க வில்லையில உள்ளதேதான். நான் செஞ்சது."

"எதுக்குச் செஞ்சு வச்சிருந்தீங்க?"

"என் வேலைக்கு."

"எல்லாத்தையுமா கொட்டினீங்க?"

"ஆமா. பாதி மூடினா பத்தாது."

ஆவுடையப்பனுக்குக் கோபமும் பாசமும் சேர்ந்து வந்தன. "நல்லா இருக்கு நீங்க செய்யுத காரியம். எவ்வளவு பாடுபட்டு அரைச்சிருப்பீங்க. எனக்காக அதுல உள்ள லித்தியத்தைப் பறக்க விட்டுட்டீங்களே. இனி இது யாருக்கு ஆகும்?"

செண்பகவல்லி கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"லித்தியம் கொஞ்சம் தாராளமாவே போட்டு, மறுபடி அரைச்சுச் சுட்டு வையுங்க அண்ணாச்சி. அடுத்த மாசம் பிரமுத்தாய்னு ஒரு பிள்ளை சேருதா. அவ வில்லைக்கு வேணும்."