கோழி காட்டப் போன செங்கோடன்

கோழிகள் கொக்கரித்ததைவிடக் கோழி வளர்த்தவர்கள் அதிகமாகக் கொக்கரித்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கொன்றையூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் செங்கோடன் என்று ஒருவன். அவனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவனே எல்லாரிடமும் சொல்லிவிடுவான்.

அறுப்பு முடிந்ததும் கொன்றையூரில் விழா எடுப்பார்கள். பந்தல் போடுவார்கள், தோரணம் கட்டுவார்கள், அயலூர் ராசாவை விருந்தாளியாக அழைப்பார்கள். வீட்டுக்கு ஒரு பொருளையாவது கொண்டுவந்து பந்தலில் அவருக்குக் காட்ட வேண்டும். விருந்தாளி எதை வாய்திறந்து புகழ்கிறாரோ, அது அந்த நொடியே அவருடையது. அவரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது, சொன்னால் ஊருக்கு அவமானம்.

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்! ஆனால் ஊர்க்காரர்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. ஒருவன் முட்டுகிற மாட்டைக் கொண்டுவருவான். ஒருவன் கால் ஆடுகிற கட்டிலைக் கொண்டுவருவான். ஒருத்தி பூசணம் பூத்த ஊறுகாயைப் பட்டுத்துணி போட்டு மூடிக் கொண்டுவருவாள். ராசா புகழ்ந்து தொலைக்கமாட்டாரா என்று கைகட்டி நிற்பார்கள்.

செங்கோடன் மட்டும் நல்லதைக் கொண்டுபோனான். அவனிடம் மூன்று கோழிகள் இருந்தன. ஒன்று செங்கொண்டை, ஒன்று புள்ளிக்காரி, ஒன்று சிட்டு.

சிட்டு அவன் மனைவி பவளாயியின் கோழி. தாய்க்கோழியைப் பருந்து தூக்கிப்போனபோது ஒற்றைக் குஞ்சாக நின்றதை மடியில் கட்டிக்கொண்டு வளர்த்தாள். அவள் உட்கார்ந்தால் அது மடியில் ஏறும், அவள் நடந்தால் பின்னால் ஓடும், அவள் அழுதால் அருகில் வந்து நிற்கும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அதுதான் பிள்ளை.

"ஏங்க, மத்ததைக் கொண்டுபோங்க. சிட்டு வேண்டாங்க. ராசா ஒரு வார்த்தை சொல்லிட்டா கொழம்புதான்" என்று பவளாயி கெஞ்சினாள்.

"அடி போடி! சும்மா காட்டிட்டுக் கொண்டுவந்துடப் போறேன். நாலு பேர் பார்க்கவேண்டாமா?" என்றான் செங்கோடன். மூன்று கோழிகளுக்கும் மஞ்சள் பூசினான், காலில் சலங்கை கட்டினான், கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டான். பாவம், பவளாயி பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

ராசா வந்தார். முன்னால் அவர் தொப்பை வந்தது, பின்னால் சமையல்காரன் வந்தான். மாட்டைப் பார்த்தார், கொட்டாவி விட்டார். கட்டிலைப் பார்த்தார், கொட்டாவி விட்டார். ஊறுகாயை மோந்து பார்த்தார், வேகமாக நகர்ந்தார். விவரமான ராசாதான்.

கோழிகளைக் கண்டதும் அவர் கண் விரிந்தது. "அடடா, என்ன கொண்டை!" என்றார். சமையல்காரன் செங்கொண்டையைத் தூக்கிக்கொண்டான். "அடடா, என்ன புள்ளி!" என்றார். புள்ளிக்காரியும் போனாள். செங்கோடனுக்கோ தலைகால் புரியவில்லை. கோழி போனது அவன் கண்ணில் படவே இல்லை, புகழ்ந்தது மட்டும் காதில் தேனாகப் பாய்ந்தது.

ராசா மூன்றாவது கோழியின் பக்கம் திரும்பினார். பவளாயி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"மகராசா, இது சீக்குக் கோழிங்க. முட்டையும் வைக்காது. அறுத்தாலும் வெறும் நாருதான்" என்றாள்.

ராசா முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார். சிட்டு பிழைத்தது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை. தன் கோழிக்கு இப்படி ஒரு பேரா?

"பொய் மகராசா, பொய்! தினம் முட்டை வைக்கும்! கூப்பிட்டா ஓடிவரும்! ஐம்பத்தாறு தேசத்திலும் இப்படி ஒரு கோழி கிடையாது!" என்று கத்தினான்.

"அப்படியா? அருமை!" என்றார் ராசா. அவ்வளவுதான், சமையல்காரன் சிட்டுவின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான்.

பவளாயிக்கு உயிரே போனது. அந்தப் புண்ணியவான் செங்கோடனோ அவள் தோளை இடித்து, "கேட்டியா? அருமைன்னு சொன்னாருடி!" என்று பல்லைக் காட்டினான்.

ராசாவுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. செங்கோடன் முதுகில் தட்டி, "உன்னைப் போல ஓர் ஆளை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நீ ஒரு ரத்தினம்!" என்றார்.

பவளாயி சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊர்க்காரங்க எல்லாரும் கேட்டீங்கல்ல? மகராசா என் வீட்டுக்காரரைப் புகழ்ந்துட்டார். இனிமே இவர் அவருடையவர். கூட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றாள்.

ஊர்ப் பெரியவர்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எத்தனை வருஷமாக அவன் பேச்சைக் கேட்டு நொந்தவர்கள்! "வழக்கம்னா வழக்கம்தான், கட்டாயம் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்கள் ஒரே குரலில்.

செங்கோடன் அதற்குள் ராசாவின் பல்லக்கில் ஒரு காலை வைத்துவிட்டான். "வழியெல்லாம் பேசிக்கிட்டே போகலாம் மகராசா. இந்தக் கோழிகளோட பாட்டி இருந்துச்சே, அதோட கதையை முதல்ல சொல்றேன்" என்றான்.

ராசாவுக்கு வியர்த்தது. "அம்மா, நான் ஏதோ மரியாதைக்குச் சொன்னேன்" என்றார்.

"அப்போ இவரைச் சொன்னது பொய்யா மகராசா? அப்படின்னா கோழியைச் சொன்னதும் பொய்தானே? சொன்னது ஒரே வாய். நிஜம்னா எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. பொய்னா எல்லாரையும் விட்டுட்டுப் போங்க" என்றாள் பவளாயி.

ராசா கோழியைப் பார்த்தார், நாக்கில் நீர் ஊறியது. செங்கோடனைப் பார்த்தார், ஊறிய நீர் வற்றிப்போனது.

"பொய்! எல்லாம் பொய்!" என்று அலறினார். "கொண்டையும் இல்லை, புள்ளியும் இல்லை, எல்லாம் தெருக்கோழி! இவனைப் போல ஒரு வெட்டிப்பேச்சுக்காரனை ஓசியில் கொடுத்தாலும் எவனும் வாங்கமாட்டான்! இறக்குங்கடா இவனை!"

பந்தலே குலுங்கிச் சிரித்தது. முட்டுகிற மாட்டை விட்டுவிட்டு எல்லாரும் செங்கோடனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு அவன்தான் விழாவுக்கே பெரிய காட்சி.

பவளாயி சிட்டுவை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பிறகு மூன்று கோழிகளையும் கூடையில் வைத்துத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். செங்கோடன் பின்னால் வந்தான். பாதி வழியில் மெல்ல, "ஆனா ரத்தினம்னு முதல்ல சொன்னார்தானே?" என்று கேட்டான். அவள் நடையை எட்டிப் போட்டாள்.

புகழுக்கு ஆசைப்பட்டு, வீட்டார் உயிராய் வளர்த்ததைக் காட்சிக்குக் கொண்டுபோகிறவன் கடைசியில் தானே காட்சிப்பொருளாகி நிற்பான்.